மருந்தடிக்கிற பற்றரியில் ஓடும் கமரா ரோபோ

எங்கள் குறும்படத்தின் ஷொட் கடைசியில் சரி வந்துவிட்டது. ஒரே நடிகர் ஒரே வாங்கில் அண்ணனாகவும் தம்பியாகவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைக்கிறார். கமரா இடமிருந்து வலமாக 90 சென்ரிமீற்றர் நகர்ந்துகொண்டே 35 பாகை திரும்புகிறது. தனித்தனியே எடுத்த இரண்டு படத்தையும் ஒட்டிய கோடு எங்கே ஓடுகிறது என்று, ஒட்டிய எனக்கே நிறுத்திப் பார்த்தால்தான் தெரிகிறது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஒரு நண்பனின் வீட்டு முற்றத்தில் வைத்துக் கட்டிய, கமராவை ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டுகிற கருவியில் எடுத்தது இது. என்ன வாங்கினீர்கள், எவ்வளவு போனது, எங்களாலும் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தரமும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் ஒழுங்கில் எழுதிவைக்கிறேன்.

குறும்படத்தில் இதற்கான ஷொட்கள் மூன்று. ஒன்று மேலே சொன்ன அண்ணன் தம்பி. அடுத்தது மைம்மல் பொழுதில் ஒரு வீடு, வானம் நீலமாக இருக்கவேண்டும், உள்ளே அரிக்கன் லாம்பு வெளிச்சம் தெரியவேண்டும். மூன்றாவதில், மார்கழியில் பச்சையாக நிற்கிற வயல், கமரா நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஆடி மாதத்து வெட்டையாக மாறவேண்டும். மூன்றுக்கும் அடிப்படைத் தேவை ஒன்றுதான்: ஒருக்கால் ஓடிய பாதையில் அதே வேகத்தில் கமரா திரும்பவும் ஓடவேண்டும். கை ஆட்டத்தைத் தாங்குகிற கிம்பலைப் பிடித்து எவ்வளவு கை பழகியவராலும் இது ஏலாது. பெரிய படப்பிடிப்புகளில் பிரித்தானியாவின் மார்க் ரொபர்ட்ஸ் நிறுவனம் செய்கிற போல்ட் போன்ற ரோபோக் கைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அதை ஏற்றிவர லொறி வேண்டும், எங்களிடம் இருந்தது ஒரு மோட்டச் சைக்கிள்.

ஆகவே முதலில் பார்த்தது காசு குறைந்த வழி. அலுமினியம் ஃபிட்டிங் கடையில் சறுக்கு ஜன்னலுக்குப் போடுகிற சட்டம் ஒன்றரை மீற்றர் வெட்டி வாங்கி, அதே ஜன்னல் சில்லுகளைப் பலகைக்கு அடியில் பூட்டினோம். கையால் தள்ள வடிவாகத்தான் ஓடியது. கமராவை ஏற்றியதும் பல்லைக் காட்டியது: சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவு ஆட்டம், அந்த ஆட்டம் ஒரு ஓட்டத்தில் இடப்பக்கம், மற்ற ஓட்டத்தில் வலப்பக்கம். அடுத்தது வெல்டிங் பட்டறை. ஓர் அங்குல பொக்ஸ் பார் இரண்டை சமாந்தரமாக வைத்து ஒட்டி, 608 பேரிங் எட்டைச் சாய்வாகப் பூட்டினோம். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர், ஸ்கேற் போர்ட் சில்லுக்குள் இருப்பது அதுதான், எங்கும் கிடைக்கும். பேரிங்கில் பிழையே இல்லை. பாரில் ஒட்டுச் சூடு பட்டு நடுவில் முறுகிவிட்டது. போதாததற்கு பொக்ஸ் பார் எல்லாவற்றிலும் ஒரு பக்கத்தில் நீளத்துக்கு ஒரு பொருத்துக் கோடு இருக்கும், பேரிங் அதில் ஏறுகிற இடமெல்லாம் படத்தில் ஒரு சிறு துள்ளல். கோட்டுப் பக்கத்தைக் கீழே திருப்பி ஒட்டினால் அந்தத் துள்ளல் போகும். முறுகல் போகாது. பாரம் வேறு 7 கிலோ வந்துவிட்டது.

பிறகுதான் கொழும்பிலிருந்து சில்லு ஓட வீ வடிவக் காடி உள்ள 20×40 அலுமினிய வீ-ஸ்லொட் சட்டம் 1.2 மீற்றர், அதற்கான சில்லு, தட்டு எல்லாம் பஸ்ஸில் எடுப்பித்தது. சட்டத்தில் தட்டு பிடித்த இடம், பெல்ட் பிடித்த இடம் கழிய ஓட்டத்துக்குக் கிடைத்தது 900 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முனையிலும் மட்டும் தாங்கினால் நடுவில் கொஞ்சம் தொய்கிறது. அதைப் பார்த்து நண்பன் கவலைப்பட்டான். தொய்வு ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே அளவு என்றால் எங்கள் வேலைக்குப் பிரச்சினையே இல்லை. நேராக ஓடுகிற கருவி எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஒரே கோணலில் திரும்பத் திரும்ப ஓடுகிற கருவிதான் தேவை. ஜன்னல் சட்டம் தோற்றதற்கும் இது வென்றதற்கும் காரணம் இந்த ஒன்றுதான், விலை பார்த்துச் சாமான் எடுக்கும்போதும் இதைத்தான் பார்க்கவேண்டும்.

மோட்டர் நீமா 17 என்ற ஸ்டெப்பர், படி படியாகச் சுற்றும், ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டரை ஓட்டுகிற ட்ரைவர் சிப் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கும், அப்போது ஒரு சுற்றுக்கு 3200. ஜீரீ2 என்ற பல் பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மில்லிமீற்றர், 20 பல் கப்பி ஒருக்கால் சுற்றினால் 40 மில்லிமீற்றர். 3200ஐ 40ஆல் பிரித்தால் மில்லிமீற்றருக்கு 80 துடிப்பு (ஒரு சிறு படிக்கு ஒரு மின் துடிப்பு). இந்த 80 என்ற எண்ணை எழுதிவையுங்கள், திரும்ப வரும்.

மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையும், கணினி ஓட்டுகிற வெட்டு மெசின்களுக்கென்று சிஎன்சி ஷீல்ட் என்ற பெயரில் விற்கிற மேற்பலகையும். முதலில் அக்செல்ஸ்டெப்பர் என்ற ஆயத்த நிரல் லைப்ரரியை வைத்து நானே சிறு நிரல் எழுதினேன். ஊனோவில் அது செக்கனுக்கு 4000 துடிப்புக்குக் கிட்டத்தான் தள்ளும், அது எங்கள் கணக்கில் செக்கனுக்கு 50 மில்லிமீற்றர், ஒரு மோட்டருக்குப் போதும். இரண்டு மோட்டரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக நிற்கவேண்டும், அதுவும் மெல்ல வேகம் எடுத்து மெல்ல நிற்கவேண்டும் என்றதும் அந்த லைப்ரரி கைவிட்டது. பல மோட்டரை ஒன்றாக ஓட்டுகிற அதன் பகுதியில் வேகமெடுப்பு கிடையாது. அப்போதுதான் அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி ஒருவர் சொன்னார், "அண்ணை, உங்களிட்ட இருக்கிறது சிஎன்சி ஷீல்ட் தானே, ஜிஆர்பிஎல்லையே போடுங்கோவன்." மரம் வெட்டுகிற, பலகை செதுக்குகிற மெசின்களுக்கு எழுதிய இலவச நிரல் அது. எக்ஸ் அச்சு ஸ்லைடர், அதாவது சட்டத்தில் ஓடுகிற பகுதி; வை அச்சு கமராவைத் திருப்புகிற தலை, அதில் மில்லிமீற்றருக்குப் பதில் பாகை. செதுக்குகிற மெசினுக்குத் தான் மரத்தைச் செதுக்கவில்லை, கமராவைத் திருப்புகிறது என்று தெரியவேண்டிய தேவை இல்லை. ஒரு ஷொட் என்பது ஒரே வரி: ஜி1 எக்ஸ்900 வை35 எஃப்2700. எஃப் நிமிடக் கணக்கு, 2700 என்றால் செக்கனுக்கு 45 மில்லிமீற்றர். வேகமெடுப்பை 10 என்று வைத்தால் தொடக்கத்தில் நாலரைச் செக்கன் மெல்ல ஏறி, முடிவில் நாலரைச் செக்கன் மெல்ல இறங்கி, முழு ஓட்டமும் 24 செக்கனுக்குக் கொஞ்சம் கூட. லப்டொப் வேண்டாம், போனில் ஓடிஜி வயர் போட்டு அனுப்பலாம்.

ஜிஆர்பிஎல் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று, தொடக்க இடத்துக்குப் போகச் சொன்னால் அது முதலில் இஸட் அச்சின் முனையில் இருக்கவேண்டிய சுவிச்சைத் தேடும், எங்களிடம் இஸட்டே இல்லை, தேடிவிட்டு அலாரம் அடித்து நின்றுவிடும். கொன்பிக் கோப்பில் அந்தத் தேடல் வரிசையை எக்ஸ், வை என்று மாற்றித் திரும்ப ஏற்றவேண்டும். மற்றது, சுவிச் வயரை மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால் யாரும் தொடாமலே சுவிச் அமர்ந்துவிட்டதாக அதற்குத் தோன்றும். வயரை முறுக்கி, தனியாக இழுத்து, முனையில் 100 நானோஃபரட் கொண்டென்சர் ஒன்றை வைத்ததும் அடங்கியது. அப்புறம் 1ஆம் இலக்க அமைப்பை 255 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஓட்டம் முடிந்ததும் மோட்டர் பிடியை விட்டுவிடும், கமரா வயர் இழுத்தாலே நிலை மாறும்.

இனி கமராவைத் திருப்புகிற தலை. எங்களுக்கு அதிகம் வேலை வைத்தது இந்தப் பகுதிதான். 3டி பிரிண்டரில் அடித்த பற்சக்கரம் இரண்டை வைத்துத் தலையைத் திருப்பினோம். கையால் ஆட்டினால் கொஞ்சம் ஆடும், அரைப் பாகை இருக்கும், அது பெரிதில்லை என்றுதான் நினைத்தோம். கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. கமரா சோனி ஏ6400, லென்ஸ் 16 மில்லிமீற்றர். 1920 பிக்சல் அகலப் படத்தில் நடுப்பகுதியில் ஒரு பாகைக்கு 23 பிக்சல் வரும். அரைப் பாகை ஆடினால் படம் 11 பிக்சல் தள்ளிப்போகும், சுவரில் ஒட்டுக்கோடு பளிச்சென்று உடையும். ஸ்லைடரைப் பாருங்கள்: 2 மீற்றர் தூரத்தில் நிற்கிற ஆளுக்கு ஒரு மில்லிமீற்றர் பிழை முக்கால் பிக்சல்கூட இல்லை. ஸ்லைடருக்கு நாங்கள் பார்த்த பார்வையை எல்லாம் தலைக்குப் பார்த்திருக்கவேண்டும்.

பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டுக்கு மாறினோம். மோட்டரில் 16 பல், தலைக்குக் கீழே 144 பல் வளையம், விட்டம் கிட்டத்தட்ட 92 மில்லிமீற்றர், அதையும் பிரிண்டரில்தான் அடித்தது. 144ஐ 16ஆல் பிரித்தால் 9. 3200ஐ 9ஆல் பெருக்கி 360ஆல் வகுத்தால் பாகைக்கு 80 துடிப்பு, ஸ்லைடரின் அதே எண். திட்டம் போட்டு வந்ததில்லை, ஆனால் நிரலில் இரண்டு இடத்திலும் ஒரே எண் என்பதால் மாறிப்போக வழியில்லை. பெல்ட்டை ஒரு பேரிங்கால் அழுத்தி இறுக்கியபின் ஆட்டம் கைக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் தொடக்கப் புள்ளியைத் தாண்டி 10 மில்லிமீற்றரும் 3 பாகையும் பின்னுக்குப் போய், முன்னோக்கி வந்து நிற்கவைக்கிறோம். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்தால் மிச்சம் மீதி ஆட்டமும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும்.

வளையத்தை முதல் அடித்தது பிஎல்ஏ என்ற பிரிண்டர் பிளாஸ்டிக்கில். அது 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். வன்னி வெய்யிலில் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மத்தியானம் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தேவையில்லை, வளையம் முட்டை வடிவமாகிவிட்டது. இப்போது இருப்பது சூடு கூடத் தாங்குகிற பெட்ஜி பிளாஸ்டிக். அதோடு பெட்டிக்கு வெள்ளைச் சாக்குத் துண்டு ஒன்றால் உறை.

மின்சாரம் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். தோளில் போட்டு மருந்தடிக்கிற மோட்டர் டாங்கிக்குள் இருப்பது 12 வோல்ட் 8 ஆம்பியர் அவர் பற்றரி. வட்டக்கச்சியில் அது இல்லாத வீடு குறைவு, வயலில் மருந்தடிக்காத நாள்களில் சும்மா கிடக்கும். இரண்டு மோட்டரும் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் எங்கள் கருவி ஒன்றேகால் ஆம்பியருக்கு மேல் எடுக்கவில்லை, ஒரு பின்னேரம் முழுக்க ஓடலாம். ஒரு விடயம்: இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பற்றரியைக் கழற்றக்கூடாது. மின் போனால் மோட்டர் எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடும். கழற்ற வேண்டிவந்தால் சுவிச்சைத் தேடிப் போகவைத்துத் தொடங்கவேண்டும். லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், சுவிச்சில் திரும்பத் திரும்ப வந்து நின்ற வித்தியாசம் 0.05 மில்லிமீற்றருக்குள். தலைக்கு வைத்தது பழைய பிரிண்டரில் கழற்றிய ஒளிச் சென்சர், அதுவும் நல்ல பிள்ளை.

ட்ரைவர் சிப்பில் ஏ4988 மலிவு, ஆனால் நுளம்பு போலக் கீச்சிடும், பக்கத்தில் இருந்து வசனம் பேசினால் அது முழுக்கப் பதியும். டிஎம்சி2208 போட்டதும் சத்தம் நின்றது. ஒன்றுக்கு 800 ரூபா கூடப் போனது. கட்டாயம் போடுங்கள்.

இனி அண்ணன் தம்பி ஷொட். கமராவில் எல்லாம் கையால்: ஷட்டர் 1/50, செக்கனுக்கு 25 படம், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் எல்லாம் பூட்டு. லென்ஸில் ஆட்டம் தடுக்கிற வசதி இருந்தால் நிறுத்திவிடவேண்டும், அது தன் பாட்டுக்குப் படத்தை நகர்த்தும், ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுவிதமாக. 4கேயில் எடுத்து 1080இல் முடித்தது ஓரத்தை வெட்ட இடம் வேண்டும் என்பதற்காக. ஓரத்தில் என்ன இருந்தது என்றால் ஒரு சிவப்பு எல்ஈடி. கமரா பதியத் தொடங்குகிற கணமும் மோட்டர் புறப்படுகிற கணமும் ஒன்றில்லை, ஆகவே எந்தப் படத்தில் ஓட்டம் தொடங்கியது என்று எடிட்டில் தெரியவேண்டும். ஜிஆர்பிஎல்லில் வெட்டுகிற அலகுக்குக் குளிர்நீர் திறக்க எம்8 என்று ஒரு கட்டளை இருக்கிறது. நீருக்குப் பதில், பலகையில் அந்தக் கட்டளைக்கான காலில் எல்ஈடியைப் பூட்டினோம். எம்8, அடுத்த வரி ஜி1. எல்ஈடி எரியத் தொடங்கிய படத்தை இரண்டு ஓட்டத்திலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் மிச்சம் எல்லாம் தானாகப் பொருந்தும், அரைப் படப் பிழை போனாலும் முழு வேகத்தில் ஒரு மில்லிமீற்றருக்குள்தான்.

நடிப்பு விடயத்தில் கருவி ஒன்றுக்கும் உதவாது. இல்லாத ஆளைப் பார்த்துக் கதைக்க ஒரு தடியின் நுனியில் சிரட்டையைக் கட்டி, தலை உயரத்தில் நட்டோம். அண்ணனாக நடித்த ஓட்டத்தின் ஒலியைத் தம்பியாக நடிக்கும்போது காதுக்குள் போட்டுவிட்டோம், இல்லாவிட்டால் பதில் சொல்கிற இடம் தவறும். இரண்டு பேருக்கும் நடுவில் வாங்கில் ஒரு செம்பு இருக்கிறது. அண்ணன் தண்ணி குடித்துவிட்டு அதை வைக்கிறார், கொஞ்சம் கழித்துத் தம்பி எடுக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இது ஒட்டுவேலை இல்லை என்று நம்பவைக்கிறது அந்தச் செம்புதான். அண்ணன் வைத்த இடத்தில் செம்பின் அடிவட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறி, செம்பின் நெளிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் ஒரு புள்ளி வைத்தோம். தம்பியின் ஓட்டத்தில் செம்பு தொடக்கத்திலிருந்தே அங்கே நிற்கும், அவர் தொடும் முன் ஒட்டுக்கோடு செம்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். வாங்கில் ஈரத்தால் விழுந்த வளையம் மட்டும் இரண்டு ஓட்டத்திலும் வேறுவேறாகக் காய்ந்தது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்தோம்.

வெய்யில்தான் பெரிய எதிரி. சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. நடிகர் உடுப்பு மாற்றி, தலை இழுத்து வர பதினைந்து நிமிடம் போனால் பூவரசு நிழல் வாங்கின் காலிலிருந்து மேலே ஏறிவிடும். சேட்டுக்கு மேல் சேட் போட்டு, மேலதைக் கழற்றினால் தம்பி என்று வைத்தும் நிழல் வித்தியாசம் தெரிந்தது. முகில் மூடிய ஒரு நாள் பார்த்து எடுத்ததுதான் இப்போது படத்தில் இருக்கிறது. ஒட்டுக்கோட்டை மரத்தின் இலைக்குள்ளால் கொண்டுபோகாதீர்கள், காற்று ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு. தூண், சுவர், வாங்கின் கால் என்று அசையாத சாமானின் மேலால் போகவேண்டும். யாரும் இல்லாத வெறும் முற்றத்தை ஓர் ஓட்டம் கட்டாயம் எடுத்துவையுங்கள், எங்கேயாவது ஒரு கை கோட்டைத் தாண்டினால் காப்பாற்றுவது அதுதான்.

லாம்பு ஷொட் இதைவிட எளிது, காண வடிவும் கூட. மைம்மலில் வானம் நீலமாக இருக்கும் நேரம் ஓர் ஓட்டம், அப்போது லாம்பு இல்லை. நல்லா இருண்டபின் லாம்பை மட்டும் கொளுத்தி அதே ஓட்டம். எடிட்டில் இரண்டாவதை முதலாவதின் மேல் வெளிச்சமாகச் சேர்த்தால், கதவாலும் கிடுகு இடுக்காலும் வெளிச்சம் வருவதை நினைத்த அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸுக்காக ஜோன் டைக்ஸ்ட்ராவின் குழு கட்டிய டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்ற கருவியிலும் வழி இதேதான்: விண்கல மாதிரிக்கு ஓர் ஓட்டம், அதன் எஞ்சின் வெளிச்சத்துக்கு மட்டும் தனியாக இன்னொன்று. எங்களுக்கு எஞ்சினுக்குப் பதில் அரிக்கன் லாம்பு.

இருட்டில் படம் கரகரவென்று வந்தது. அதற்கு ஒரு வித்தை. வீட்டில் அசைகிற சாமான் ஒன்றும் இல்லை, ஆகவே ரோபோவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டி, எடிட்டில் நாலு படத்தைச் சராசரி எடுத்து ஒன்றாக்கினோம். கரகரப்பு பாதியாகக் குறைந்தது. வேகத்தை மட்டும் குறைத்தால் பொருந்தாது, வேகமெடுப்பையும் குறைக்கவேண்டும், நாலில் ஒரு பங்காக அல்ல, பதினாறில் ஒரு பங்காக: 10க்குப் பதில் 0.625. இந்த எண் சரியில்லாவிட்டால் நடுவில் பொருந்தும், தொடக்கத்திலும் முடிவிலும் வீடு இரண்டாகத் தெரியும். மழை விட்ட இரவென்றால் இன்னொரு பிரச்சினை, ஈசல். லாம்பைக் கொளுத்தினதும் ஊரிலிருக்கிற ஈசல் எல்லாம் வந்து இறங்கி, நாலு படச் சராசரியில் வெள்ளைக் கீறாக விழுந்தது. அந்த இரவு மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுதான்.

மூன்றாவது ஷொட் பாதி வெற்றி என்று சொல்லலாம். வட்டக்கச்சி வயல்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைகிறவை. மார்கழியில் காலபோகப் பயிர் இடுப்புக்கு வந்து நிற்கும்போது ஓர் ஓட்டம், ஆடியில் சிறுபோகம் செய்யாமல் விட்ட அதே துண்டில் இன்னோர் ஓட்டம். நடுவில் ஏழு மாதம், மாரியின் மிச்சம், அருவி வெட்டு, உழவு மெசின், மாடு எல்லாம் போகும். ஸ்லைடர் திரும்ப அதே இடத்தில் இருக்கவேண்டும் என்றால் நிலத்தில் அடையாளம் இருக்கவேண்டும். நாலு அங்குல பிவிசி குழாயை இரண்டடி இறக்கி, கொங்கிறீட் ஊற்றி, மேலே 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றை நிறுத்தி இரண்டு கட்டை செய்தோம். வன்னியில் நிலத்தைக் கிண்டுவது என்றால், மிதிவெடிப் பயம் இருப்பதால், எங்கே கிண்டுகிறோம் என்று முதலில் ஊர்க்காரரைக் கேட்கவேண்டும். எங்களுக்குப் பிடித்த கோணம் பற்றைப் பக்கம். வயல்கார ஐயா விடவில்லை. "அந்தப் பத்தைக்க இன்னும் ஒருத்தரும் வந்து பாக்கேல்லத் தம்பி, வரம்புக்கு இஞ்சால நிண்டு செய்யுங்கோ." வரம்புக்கு இந்தப் பக்கம், வருசா வருசம் உழுகிற இடத்தில்தான் கட்டைகள் இறங்கின. கோணம் கொஞ்சம் மட்டம், பரவாயில்லை.

ஆடியில் போய்ப் பார்த்தால் கட்டைகள் நின்றன, ஆனால் களிமண் மாரியில் ஊறி வெய்யிலில் வெடித்ததில் ஒன்று எழும்பியிருந்தது. மேசன்மார் பிடிக்கிற தண்ணிக் குழாயை வைத்து மட்டம் பார்த்தோம். 1.2 மீற்றருக்கு 6 மில்லிமீற்றர் வித்தியாசம். அப்படியே விட்டால் படம் சரிந்து இரண்டு ஓரத்திலும் 5 பிக்சல் ஏறி இறங்கும். 2 மில்லிமீற்றர் வொஷர் மூன்றைப் பதிந்த பக்கத்துப் போல்ட்டில் கோத்ததும் சரி. பிறகு மார்கழிப் படத்தின் முதல் பிரேமை மொனிட்டரில் அரைவாசி தெளிவில் மேலே போட்டு, தூரத்துப் பனைகளும் குளக்கட்டுக் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும்வரை தலையை அசைத்தோம். தூரத்துச் சாமான் பொருந்தியது. கிட்ட இருந்த வேலிக்கட்டைகள் பொருந்தவில்லை, கட்டை சில சென்ரிமீற்றர் பக்கத்துக்கும் நகர்ந்திருக்கவேண்டும், அதை வொஷரால் திருத்த ஏலாது. சோளகக் காற்று வேறு சட்டத்தை உலுக்கியது, நடுவில் ஒரு மண் மூட்டையைத் தொங்கவிட்டபின்தான் அடங்கியது. இதெல்லாம் போக, மார்கழியில் இல்லாத மின்கம்பம் ஒன்று ஆடியில் நட்ட நடுவில் நின்றது. மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன், இயக்குநருக்கு அது பிடித்துப்போனது, பச்சை மங்கி வெட்டை வரும்போது கம்பமும் முளைக்கிறது. வேலிக்கட்டைப் பகுதியைக் கீழே வெட்டி, அகலப் படமாக முடித்தோம்.

செலவு: சட்டம், சில்லு, தட்டு 14,000 ரூபா. மோட்டர் இரண்டு 8,000. ஊனோவும் ஷீல்டும் 4,500, ட்ரைவர் இரண்டு 3,600. பெல்ட், கப்பி 3,500. பிரிண்ட் அடித்தது 4,000, அதில் வெய்யிலில் போனதும் அடங்கும். பேரிங் 1,200, பெட்டி, வயர், சுவிச், கொண்டென்சர் என்று 3,000. 42,000க்குக் கிட்ட. ஜன்னல் சட்டத்துக்கும் வெல்டிங்குக்கும் போன 9,000 தனி. பற்றரிக்கு வாடகை இல்லை, சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். கொழும்பில் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம்தான், ஆனால் முகில் வரும்வரை, ஈசல் போகும்வரை, ஆடி வரும்வரை வாடகைக் கருவி காத்திருக்காது.

திரும்பக் கட்டினால் சட்டத்தை 60 சென்ரிமீற்றர் இரண்டாக வெட்டி நடுவில் பொருத்துப் போடுவேன், 1.2 மீற்றர் சட்டத்தைப் பின்னால் இருக்கிறவர் குறுக்கே பிடித்துக்கொண்டு மோட்டச் சைக்கிளில் ஏ9 வீதியில் வருவது பார்க்கிறவர்களுக்குப் பகிடி, பஸ்காரருக்கு இல்லை. நிலக்கட்டை இரண்டுக்குப் பதில் மூன்று, அதுவும் களியில் இல்லாமல் கிரவல் மண்ணில், நாலடி ஆழம். வீ-சில்லுக்குள் செம்புழுதி ஏறாமல் இரண்டு பக்கமும் பல் விளக்குகிற பிரஷ்ஷின் தும்பை ஒட்டிவிடுவேன், இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கையால்தான் துடைக்கிறோம். மேலும் கீழும் சாய்கிற அச்சு இன்னும் இல்லை. ஷீல்டில் இஸட்டுக்கான இடம் காலியாகத்தான் இருக்கிறது, 144 பல் வளையம் இன்னொன்றை அந்தப் பொறியியல் பீடத்துத் தம்பி அடித்தும் வைத்துவிட்டார், மோட்டர் மட்டும் வரவேண்டும்.